டிரங்குப் பெட்டியும் நாலாயிரம் ரூபாயும்

வெளிநாட்டில் இரண்டு வருஷத்துக்கு மேல் இருந்துவிட்டு நிரந்தரமாக இந்தியா திரும்புகிறவர், தன் வீட்டுச் சாமான்களைக் குறிப்பிட்ட மதிப்பு வரை தீர்வை கட்டாமல் கொண்டுவரலாம். 'இருப்பிட மாற்றம்' என்று சுங்கத்துறை இதைச் சொல்கிறது. 2016-ல் வந்த பேக்கேஜ் விதிகள் அந்த மதிப்பை 5 லட்ச ரூபாய் என்று வைத்தன. எதையெல்லாம் கொண்டுவரலாம் என்பதற்கு அந்த விதிகளில் பட்டியலும் இருந்தது. வாஷிங் மெஷின், லேப்டாப், 300 லிட்டர் வரையிலான ஃபிரிட்ஜ் என்று அது போனது. ஒரு வருஷத்துக்கு மேல் வெளியே இருந்த பெண் 40 கிராம் நகையும் ஆண் 20 கிராம் நகையும், ஒரு மதிப்பு வரம்புக்குள், கொண்டுவரலாம் என்றும் அதே விதிகள் சொல்லின. இதற்கெல்லாம் அடியில் இருப்பது 1962ஆம் ஆண்டின் சுங்கச் சட்டம். பயணியும் அவர் குடும்பமும் பயன்படுத்தும் பொருளுக்குத் தீர்வை வேண்டாம் என்பதுதான் அதன் 79ஆம் பிரிவின் சாரம்.

நல்ல ஏற்பாடுதான். துபாயிலிருந்தும் சிங்கப்பூரிலிருந்தும் திரும்புகிற நம் பிள்ளைகளுக்கும் அது பயன்படட்டும். ஆனால் நீலகிரி மாவட்டத்தில், ஏதாவது ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில் பிறந்து வளர்ந்த தோழர்களிடம் நாங்கள் கேட்க விரும்பும் கேள்வி வேறு. உங்கள் தாத்தாவும் பாட்டியும் இருப்பிடம் மாறித்தான் இங்கே வந்தார்கள். இரண்டு அரசுகள் கையெழுத்துப் போட்டு, பாஸ்போர்ட் கொடுத்து, கப்பலேற்றி அனுப்பிய இருப்பிட மாற்றம் அது. அவர்கள் எதைக் கொண்டுவர அனுமதிக்கப்பட்டார்கள்?

இந்தக் கேள்விக்கு எழுத்திலேயே பதில் இருக்கிறது. 1964 அக்டோபர் 30-ல் லால் பகதூர் சாஸ்திரியும் சிறிமாவோ பண்டாரநாயக்கவும் செய்துகொண்ட ஒப்பந்தத்தை 'ஆளுக்கு இத்தனை பேர்' என்ற கணக்காகவே பாடப்புத்தகம் சொல்லித்தருகிறது. இலங்கையில் நாடற்றவர்களாக இருந்தவர்கள் 9,75,000 பேர் என்று மதிப்பிட்டு, 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, மீதி 1,50,000 பேரைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று முடிவானது. அந்த மீதியை 1974-ல் சிறிமாவோவும் இந்திரா காந்தியும் 75,000, 75,000 என்று சரிபாதியாகப் பிரித்துக்கொண்டார்கள். தோட்டத்தில் வேலை செய்தவர்களின் சம்மதத்தை யாரும் கேட்கவில்லை. இதெல்லாம் நமக்குத் தெரிந்ததுதான்.

நாம் பெரும்பாலும் படிக்காமல் விடுவது அதே ஒப்பந்தத்தின் சொத்து பற்றிய பகுதியை. அனுப்பப்படுகிறவர்கள் கடைசியாகப் புறப்படும்போது, சேமலாப நிதி, பணிக்கொடை உட்படத் தங்கள் சொத்து முழுவதையும் எடுத்துப் போகலாம் என்று அது சொல்கிறது. கேட்க நன்றாக இருக்கிறது, இல்லையா? ஆனால் அந்த வாக்கியம் 'அந்நியச் செலாவணிக் கட்டுப்பாட்டு விதிகளுக்கு உட்பட்டு' என்றுதான் தொடங்குகிறது. அடுத்து ஒரு குடும்பம் கொண்டுபோகக்கூடிய சொத்தின் உச்ச வரம்பு வருகிறது. அதை 4,000 ரூபாய்க்குக் கீழே குறைக்க மாட்டோம் என்று இலங்கை அரசு ஒப்புக்கொள்கிறது.

இதைக் கொஞ்சம் நிதானமாகப் படிக்க வேண்டும். ஒவ்வொரு குடும்பத்துக்கும் 4,000 ரூபாய் கிடைக்கும் என்று இங்கே எந்த உறுதியும் இல்லை. வரம்பு ஒன்று இருக்கும், அது இதற்குக் கீழே போகாது, அவ்வளவுதான். மூன்று தலைமுறை உழைத்த குடும்பமும் நேற்று வந்த குடும்பமும் ஒரே வரம்புக்குள். அந்த 4,000 ரூபாய் சொத்துகூட இல்லாத குடும்பத்துக்கு ஒப்பந்தம் எதுவும் தரவில்லை. இருப்பதைத் தடுக்க மாட்டோம் என்பதோடு அதன் பொறுப்பு முடிந்தது.

இன்னொரு இடமும் உண்டு. இந்தியப் பிரஜை என்று பதிவான பிறகு, கப்பலேறும் நாள் வரை இலங்கையில் இருக்கும் காலத்தில், மற்ற வெளிநாட்டவருக்குக் கிடைக்கும் வசதிகள் இவர்களுக்கும் உண்டு என்று ஒப்பந்தம் சொல்கிறது. அதற்குள் ஒரு விலக்கும் இருக்கிறது. வெளிநாட்டுக்குப் பணம் அனுப்பும் வசதி மட்டும் கிடையாது. அதாவது, பத்து வருஷம் காத்திருந்தாலும் இடையில் ஊருக்குப் பணம் அனுப்பி ஒரு சென்ட் நிலம் வாங்கிப்போட முடியாது. எல்லாவற்றையும் கடைசி நாளில், கடைசிப் படிக்கட்டில், சுங்கக்காரர் முன்னால்தான் எடுத்துப் போக வேண்டும். வாழ்க்கையை முன்கூட்டித் திட்டமிட முடியாதபடி செய்த விதி என்று இதைச் சொல்வதில் எங்களுக்குத் தயக்கம் இல்லை.

பணக் கணக்கையும் பார்த்துவிடுவோம். ஒப்பந்தம் போட்ட 1964-ல் இந்திய ரூபாயும் இலங்கை ரூபாயும் சம மதிப்பில் இருந்தன. ஒரு டாலருக்கு இரண்டுமே 4.76. பிறகு இரண்டு நாடுகளும் மாறிமாறி மதிப்பைக் குறைத்தன. 1977 நவம்பரில் இலங்கை செய்த மாற்றத்தில் அந்த நாட்டு ரூபாய் டாலருக்கு ஏறத்தாழ 16 என்று விழுந்தது. இந்திய ரூபாய் அப்போது 9-க்கும் கீழே. ஆகவே 1964-ல் 4,000 இந்திய ரூபாயாக இருந்திருக்கக்கூடிய ஒரு தொகை, 1978-ல் கப்பலேறியவர் கையில் இந்திய மதிப்பில் 2,200 ரூபாய்கூடத் தேறியிருக்காது. விலைவாசி ஏறியதைச் சேர்க்காமலேயே இந்தக் கணக்கு. முன்னால் வந்தவரும் பின்னால் வந்தவரும் ஒரே உழைப்பு உழைத்தவர்கள்தான். ஆனால் யார் எப்போது போக வேண்டும் என்பது அவர்கள் கையில் இல்லை.

அந்தப் பணமாவது என்ன பணம்? இலங்கையில் ஊழியர் சேமலாப நிதிச் சட்டம் வந்ததே 1958-ல்தான். அதற்கு முன்னால் காப்பிக் காட்டிலும் தேயிலைக் காட்டிலும் நூறு வருஷத்துக்கு மேல் கொட்டிய உழைப்புக்குக் கணக்குப் புத்தகமே கிடையாது. கடன் புத்தகம்தான் இருந்தது. கங்காணி முன்பணம் கொடுத்து ஆள் பிடித்தார். ஒரு தோட்டத்திலிருந்து இன்னொன்றுக்குப் போக 'துண்டு' என்ற சீட்டு வேண்டும். இந்தத் தொழிலாளிக்கு இவ்வளவு கடன், அதைக் கட்டுகிற தோட்டம் இவரை எடுத்துக்கொள்ளலாம் என்பது அந்தச் சீட்டின் பொருள். 1921-ல்தான் அது ஒழிக்கப்பட்டது. போகும்போது அவர்களுக்குச் சுங்கச் சோதனை என்று ஒன்று தேவைப்படவில்லை, சாமான் இருந்தால்தானே சோதிக்க. தட்டப்பாறையிலும் மண்டபத்திலும் தனிமை முகாமில் வைத்து உடம்பைச் சோதித்தார்கள். தோட்டத்தின் எண் பொறித்த தகர வில்லையைக் கழுத்தில் மாட்டி அனுப்பினார்கள். வழிச்செலவு தோட்டத்தின் கணக்கில் ஏறி, சுற்றி வந்து தொழிலாளியின் கடனாக இறங்கியது. சரக்குக்குச் சீட்டு ஒட்டுவதும் இதுவும் ஒன்றா என்று கேட்டால், அந்தக் காலத்துத் தோட்ட முதலாளிகளின் கடிதப் போக்குவரத்தில் மனிதர்கள் சரக்காகத்தான் எண்ணப்பட்டார்கள் என்பது வரலாறு படித்த யாருக்கும் தெரியும்.

அதே மண்டபம் முகாம்தான் திரும்பி வந்தவர்களுக்கும் முதல் வாசல் ஆனது. ஒப்பந்தம் கையெழுத்தாகி இரண்டு மாதம் முடிவதற்குள், 1964 டிசம்பர் 22, 23-ல் அடித்த புயல் தனுஷ்கோடியை அழித்தது. 1914 முதல் இருந்த தனுஷ்கோடி - தலைமன்னார் வழி அதோடு முடிந்தது. பிறகு கப்பல் தலைமன்னாரிலிருந்து ராமேஸ்வரத்துக்கு வந்தது. மலையிலிருந்து தலைமன்னாருக்கு ரயில். அந்த ரயிலை மலையக மக்கள் 'ஒப்பாரிக் கோச்சி' என்றார்கள். அட்டனிலும் பதுளையிலும் ஸ்டேஷனில் நின்று அழுதவர்களுக்கு, ஏறிப்போகிறவரை இனி பார்க்க முடியாது என்று தெரியும். அண்ணனுக்கு இந்தியப் பாஸ்போர்ட், தம்பிக்கு இலங்கைப் பிரஜாவுரிமை என்று ஒரே லயத்துக்குள் பிரிந்த குடும்பங்கள் ஏராளம்.

என்ன கொண்டுவந்தார்கள் என்று கூடலூர், பந்தலூர், கோத்தகிரி பக்கம் வயதானவர்களிடம் கேட்டால், பேச்சு ஒரு றங்குப்பெட்டியில் தொடங்கும் (டிரங்குப் பெட்டியை அவர்கள் அப்படித்தான் சொல்வார்கள்). பித்தளைக் குடம், வெண்கலச் சட்டி, கம்பளி, சாமி படம். கொஞ்சம் வசதி இருந்த வீட்டில் ஒரு ரேடியோ அல்லது தையல் மெஷின். பணமாக எடுத்துப்போக வரம்பு இருந்ததால், இருந்ததைப் பொருளாக மாற்றிக் கொண்டுவந்தவர்களும் உண்டு. தங்கம் என்றால் இரண்டு கரையிலும் சந்தேகம். இந்தியாவில் 1963-ல் தங்கக் கட்டுப்பாடு வந்து, 1968-ல் தனிச் சட்டமாகி, 1990 வரை இருந்தது. பாக் நீரிணை என்றாலே தங்கக் கடத்தல் என்று அதிகாரிகள் நினைத்த காலம். தாலிக்கொடியோடு ஒரு சங்கிலி போட்டு வந்த தோட்டத்துப் பெண்ணும் அந்தக் கண்ணோட்டத்துக்குள்தான் இறங்க வேண்டியிருந்தது.

கொண்டுவர முடியாதவை வேறு. மாடு, ஆடு, கோழி, லயத்துக்குப் பின்னால் போட்ட மரக்கறித் தோட்டம். லயமோ தோட்டத்துக்குச் சொந்தம். நட்டு வளர்த்த பலா மரத்துக்கு எந்தப் படிவத்திலும் இடம் இல்லை. நேரம் குறைவாக இருந்தவர் மாட்டை அகப்பட்ட விலைக்கு விற்றார். இதை இழப்பாக யாரும் எழுதிவைக்கவில்லை. ஏன் எழுதவில்லை என்பதைப் புரிந்துகொள்ள, பக்கத்தில் இன்னொரு கதையை வைத்துப் பார்க்கலாம். பிரிவினையின்போது பஞ்சாபிலிருந்து வந்தவர்கள் விட்டுவந்த நிலத்துக்கும் வீட்டுக்கும் இழப்பீடு தர 1954-ல் இந்திய அரசு தனிச் சட்டமே போட்டது. அவர்களின் துயரம் பெரியது, மறுக்கவில்லை. ஆனால் அந்தச் சட்டம் விட்டுவந்த சொத்தை அளந்து கொடுத்தது. சொத்து வைத்துக்கொள்ளவே விடப்படாதவர்களை அளக்க அதனிடம் கோல் இல்லை. நம் மக்களின் உழைப்பில் உருவான மலைகள் கம்பெனிகளின் பெயரில் இருந்தன. 1972, 1975 நிலச் சீர்திருத்தங்களில் அவை இலங்கை அரசின் பெயருக்குப் போயின. தொழிலாளிக்கு அதில் ஒரு கல்லும் இல்லை. அந்த வருஷங்களில் தோட்டங்களில் பட்டினிச் சாவும் இருந்தது. தயங்கி நின்ற பலரைக் கப்பல் பக்கம் தள்ளியது அந்தப் பட்டினிதான்.

இப்படிச் சுங்க மேசையில் மனிதர்களை உரித்து அனுப்பிய காலம் அது. பர்மாவில் நே வின் ஆட்சி 1964 மே மாதம் 50, 100 கியாட் நோட்டுகளைச் செல்லாது என்றது. ரங்கூனிலிருந்து கப்பலேறிய தமிழர்கள் சேமிப்பையும் நகையையும் இழந்து சென்னையில் இறங்கினார்கள். சென்னைத் துறைமுகத்துக்கு எதிரே உள்ள பர்மா பஜார் அப்படி வந்தவர்களின் பிழைப்பிலிருந்து உருவானது. 1972-ல் உகாண்டாவிலிருந்து இடி அமீன் துரத்திய ஆசியர்களுக்கு 90 நாள் கெடுவும் சுமார் 50 பவுண்டு பணமும். ஆனால் இங்கே ஒரு வேறுபாட்டைத் தோழர்கள் கவனிக்க வேண்டும். உகாண்டாவில் பலர் கடைகளை இழந்தார்கள், லண்டனில் மறுபடி கடை வைத்தார்கள். கையில் எடுத்துவர முடியாத ஒன்று அவர்களிடம் இருந்தது. படிப்பு, உறவு வட்டம், வியாபாரப் பழக்கம். எந்தச் சுங்கமும் அதைப் பறிக்க முடியாது. நம் மக்களிடம் அதற்கு ஈடாக இருந்தது கொழுந்து பறிக்கவும் கவ்வாத்து வெட்டவும் தெரிந்த கை.

சாதியை விட்டுவிட்டு இந்தக் கதையைச் சொன்னால் பாதிக் கதைதான் வரும். இலங்கைத் தோட்டங்களுக்குப் போனவர்களில் பெரும்பகுதியினர் பள்ளர், பறையர், சக்கிலியர். திருச்சி, புதுக்கோட்டை, சேலம், மதுரை, திருநெல்வேலிச் சேரிகளிலிருந்து பஞ்சத்திலும் பண்ணை அடிமைத்தனத்திலும் தப்பிப் போனவர்கள். கங்காணிகளில் பலர் நிலமுள்ள சாதியினர். லயத்திலும் சாதி பார்த்துத்தான் வரிசை போட்டார்கள். திரும்பும்போது, ஊரில் தாத்தா நிலம் இருந்தவருக்கு ஊர் என்று ஒன்று இருந்தது. டிரங்குப் பெட்டியில் ஒன்றும் இல்லாவிட்டாலும் பட்டாவில் பெயர் இருந்தது. சேரியிலிருந்து போனவருக்குத் திரும்பிப்போக அந்தச் சேரிதான். இலங்கையில் பிறந்து வளர்ந்த பிள்ளைகள், டீக்கடையில் தனி டம்ளர் என்பதைத் தமிழ்நாட்டுக் கிராமத்தில் வந்துதான் பார்த்தார்கள். 'தாயகம் திரும்பியோர்' என்று அரசு வைத்த பெயரில் உள்ள தாயகம் அவர்களை இப்படித்தான் வரவேற்றது. ஒதுக்கப்பட்ட ஊரைவிட்டு, கேள்விப்பட்டதை நம்பி, பலர் நீலகிரி ஏறினார்கள். தேயிலை இருக்கிறது, குளிர் இருக்கிறது, தெரிந்த முகம் நாலு இருக்கிறது. சமவெளியின் ஊர்க்கட்டுப்பாட்டிலிருந்து விலகி இருக்கலாம் என்பதும் ஒரு காரணம் என்றே நாங்கள் நினைக்கிறோம். புள்ளிவிவரத்தில் அது வராது.

இந்திய அரசும் ஏற்பாடுகள் செய்தது. கண்டியில் இருந்த இந்தியத் தூதரக அலுவலகம் கொடுத்த குடும்ப அட்டையில், குடும்பத்தினர் பெயரோடு மறுவாழ்வுத் திட்டமும் எழுதப்பட்டிருந்தது. சிலருக்குத் தேயிலைத் தோட்டம், சிலருக்கு நூற்பாலை, மிகப் பலருக்கு 5,000 ரூபாய் வியாபாரக் கடன். வாழ்நாள் முழுவதும் கூலி வேலை செய்தவரிடம் வியாபாரம் செய் என்று கடன் கொடுத்தால் என்ன ஆகும்? இடைத்தரகர் சாப்பிட்டார், மீதி சில மாதத்தில் கரைந்தது. 1980களின் தொடக்கத்தில் கொடைக்கானல் மலையில் மரம் வெட்டும் ஒப்பந்தக்காரர்களிடம் கொத்தடிமையாகச் சிக்கியவர்களில் இவர்களும் இருந்தார்கள். நீலகிரியில் 1968-ல் இவர்களுக்காகவே அரசுத் தேயிலைத் திட்டம் தொடங்கியது. அதுதான் பிறகு குன்னூரைத் தலைமையிடமாகக் கொண்ட டான்டீ ஆனது. வேலை கிடைத்தவர் நிலை பரவாயில்லை. கிடைக்காதவர் கூடலூர் ஜென்ம நிலங்களில் குடிசை போட்டார். நிலம்பூர் கோவிலகத்தின் கீழ் இருந்த அந்த நிலங்களுக்கு 1969-ல் ஒழிப்புச் சட்டம் வந்தும், வழக்குகளால் பெரும்பரப்பு இன்றுவரை தீர்க்கப்படாமல் கிடக்கிறது. காடு என்றும் ஆக்கிரமிப்பு என்றும் சொல்லி மின் இணைப்பு மறுக்கப்பட்ட வீடுகளில் படித்த பிள்ளைகள் இந்தக் கட்டுரையைப் படிக்கிறவர்களிலும் இருப்பார்கள்.

மசினகுடியில் உட்கார்ந்து இதை எழுதும்போது, பெட்டி கட்டச் சொல்வது முடிந்துபோன சங்கதி என்று எங்களால் நினைக்க முடியவில்லை. முதுமலைப் புலிகள் காப்பகத்துக்குள் இருந்த குடும்பங்களை அய்யன்கொல்லி பக்கம் மாற்றியபோது, குடும்பத்துக்கு 10 லட்சம் என்பது தேசியத் திட்டத்தின் கணக்கு. பிறகு அது 15 லட்சமானது. இங்கேயும் அளவுகோல் 'குடும்பம்', ஒரு தொகை. நிலம் இருந்த செட்டிமார் குடும்பமும் அந்த நிலத்தில் கூலிக்கு உழைத்த பணியர் குடும்பமும் அந்தத் தொகையை ஒரே மாதிரி பயன்படுத்த முடியுமா என்ற கேள்வி, 4,000 ரூபாயில் கேட்ட அதே கேள்விதான்.

டான்டீ கதையும் திரும்பி வந்திருக்கிறது. 2022-ல் தமிழ்நாடு அரசு டான்டீயின் 2,152 ஹெக்டேர் நிலத்தை வனத்துறைக்குத் திருப்பித் தர முடிவெடுத்தது. ஓய்வு பெற்றவர் குடியிருப்பைக் காலி செய்ய வேண்டும் என்ற நிலை வந்தபோது தொழிலாளர்கள் போராடினார்கள். காரணம், லயம் அங்கேயும் சொந்தமில்லை, இங்கேயும் சொந்தமில்லை. அறுபது வயதில் இரண்டாவது முறையாகப் பெட்டியைத் தூக்கு என்றால் யார் தூக்குவார்?

ஒன்றைச் சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் கல்லூரியில் படிக்கிற தோழர்களே குழப்பிக்கொள்கிறார்கள். தாயகம் திரும்பியோர் அகதிகள் அல்லர். ஒப்பந்தப்படி இந்தியக் குடியுரிமையோடு வந்தவர்கள் அவர்கள், நான்கரை லட்சத்துக்கும் அதிகமான பேர். போர் மூண்டு 1984-ல் கப்பல் நின்றது. அதற்குப் பிறகு படகில் வந்தவர்களில் மலையகத் தமிழரும் இருக்கிறார்கள். அவர்கள் முகாம்களில் அகதிகளாகப் பதிவானார்கள், பலருக்கு இன்னும் எந்த நாட்டுக் குடியுரிமையும் இல்லை. ஒரே மக்கள், கப்பலா படகா என்பதில் சட்டம் பிரித்துவிட்டது. 'சிலோன்காரன்' என்று கூப்பிடுகிற ஊருக்கு இந்த வேறுபாடெல்லாம் கிடையாது.

அதனால்தான் அந்தப் பெட்டிகள் முக்கியம். சாதிச் சான்றிதழுக்குப் போனால் அப்பா, தாத்தாவின் ஆவணம் கேட்கிறார்கள். வீட்டுமனைக்கும் டான்டீ குடியிருப்புக்கும் எப்போது, எந்தத் திட்டத்தில் வந்தீர்கள் என்று கேட்கிறார்கள். இதற்கெல்லாம் ஆதாரம் குடும்ப அட்டை, பழைய பாஸ்போர்ட், சேமலாப நிதிக் காகிதம், மண்டபத்தில் கொடுத்த சீட்டுகள். நீலகிரியின் ஈரத்தில் அவை ஒவ்வொரு மழைக்கும் கொஞ்சம் கொஞ்சமாக அழிகின்றன. தோழர்களே, இந்த மழைக்கு முன்னால் வீட்டில் உள்ள பெட்டியைத் திறங்கள். ஒவ்வொரு தாளையும் இரண்டு பக்கமும் போட்டோ எடுங்கள், முத்திரையும் தேதியும் தெளிவாக விழ வேண்டும். லேமினேஷன் செய்யாதீர்கள், தாள் கெட்டுவிடும். பாட்டி இருந்தால் பக்கத்தில் உட்காரவைத்து, எந்தத் தோட்டம், எந்த டிவிஷன், எந்த வருஷம் கோச்சி ஏறினார்கள், என்ன விட்டுவந்தார்கள் என்று கேட்டு அவர் சொல்கிறபடியே எழுதிவையுங்கள். மாட்டையும் பலா மரத்தையும் சேர்த்து.